பொழுதுபோக்கு, சுற்றுலாப் பட்டப்படிப்பில் கற்றல் விளைவுகளை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைத் தலைவர்கள், பாட ஆசிரியர்கள், அங்கீகார அறிக்கை எழுதும் வேலை தலையில் விழுந்தவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் மட்டும் முதல் ஐந்து கேள்விகளைப் படிக்காமல் விட வேண்டாம்.

மாணவர்களுக்கு மதிப்பெண் போடுகிறோமே. விளைவுகளைத் தனியாக எதற்கு அளக்க வேண்டும்?

மதிப்பெண்ணுக்குள் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. வருகைப் பதிவு, தாமதமாகக் கொடுத்ததற்கான கழிவு, வகுப்பில் கேள்வி கேட்டதற்கான ஊக்கம், மூன்று நான்கு தனித்தனித் திறன்கள் என எல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாகிவிடுகின்றன. நிகழ்ச்சித் திட்டமிடல் பாடத்தில் இரண்டு பேர் 72 வாங்கியிருக்கலாம். ஒருவருக்கு வரவு செலவுத் திட்டம் கைவந்திருக்கும், இடர் மேலாண்மை தெரிந்திருக்காது. மற்றவருக்கு நேர் எதிர். 72 என்ற எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டு எதைத் திருத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது.

விளைவு அளவீடு கேட்பது வேறு கேள்வி. படிப்பை முடித்து வெளியே போகும் மாணவர்களில் எத்தனை பேரால் இந்த ஒரு வேலையைச் செய்ய முடிகிறது, எந்தப் பகுதியில் தடுமாறுகிறார்கள் என்பதே அது. மதிப்பெண் மாணவரைப் பற்றிய தீர்ப்பு. விளைவு அளவீடு படிப்பைப் பற்றிய தீர்ப்பு.

ஒரு கற்றல் விளைவை எப்படி எழுதுவது?

மாணவர் செய்யும் ஒரு செயல், அது எதன் மீது, எந்தச் சூழலில் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். "சுற்றுலாத் துறையைப் பற்றி ஆழ்ந்த புரிதல் பெறுவர்" என்பதை அளக்கவே முடியாது, ஏனென்றால் புரிதல் கண்ணுக்குத் தெரிவதில்லை. "ஒரு வெளிப்புற நிகழ்ச்சிக்கான ஆபத்துகளைக் கண்டறிந்து, நிகழும் வாய்ப்பையும் கடுமையையும் கொண்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாட்டு நடவடிக்கை முன்வைப்பர்" என்று எழுதினால், மாணவர் கொடுக்கும் தாளைப் பார்த்தே ஆம், இல்லை சொல்லிவிடலாம்.

வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க, கற்றல் செயல்களை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கும், 2001-இல் திருத்தப்பட்ட புளூம் வகைப்பாடு உதவும். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என அதில் ஆறு படிகள் உண்டு. நான்காம் ஆண்டு மாணவருக்கான விளைவுகள் எல்லாமே "பட்டியலிடுவர்", "விளக்குவர்" என்று முடிந்தால், அது முதலாண்டுப் படிப்பின் விளைவுப் பட்டியல் என்றுதான் பொருள்.

அடிக்கடி நேரும் பிழை, ஒரே வாக்கியத்தில் மூன்று செயல்களை அடுக்குவது. "வடிவமைத்து, நடத்தி, மதிப்பிடுவர்" என்று எழுதுவது இந்தத் துறையில் வழக்கம். வேலையும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்கு ஒற்றை எண் கொடுத்தால் மூன்றில் எது பலவீனம் என்பது மறைந்துவிடும். வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மதிப்பிடும்போது மூன்று வரிசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை விளைவுகள் வைத்துக்கொள்ளலாம்?

முழுப் படிப்புக்கு ஐந்து முதல் ஏழு. பதினைந்து வைத்திருக்கும் துறைகள் பெரும்பாலும் எதையும் ஒழுங்காக அளப்பதில்லை. எல்லாவற்றையும் ஆண்டுதோறும் அளக்கவும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு என்று சுழற்சி வைத்தால், ஆறு விளைவுகளும் மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அங்கீகார அமைப்புகள் எதைப் பார்க்கின்றன?

அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலாப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.ஓ.ஏ.பி.ஆர்.டி. குழு, தன் 7-ஆம் தொடர் தரநிலைகளில் கற்றல் விளைவுகளையே மையமாக வைத்திருக்கிறது. தொழிலின் இயல்பும் வரலாறும் அடிப்படைகளும் ஒரு தொகுதி. பலதரப்பட்ட மக்களுக்கான சேவைகளை வடிவமைத்தல், நடத்துதல், மதிப்பிடல் இன்னொன்று. நிர்வாகம், நிதி, மனிதவளம், சந்தைப்படுத்தல் போன்றவை மூன்றாவது. இவற்றோடு குறைந்தது 400 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் உண்டு. சுற்றுலாப் படிப்புகளுக்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பு தரும் டெட்குவால் சான்றிதழ், படிப்பை நடத்தும் தர மேலாண்மை முறையைக் கூடுதலாகப் பார்க்கிறது.

எந்த அமைப்பானாலும் மதிப்பீட்டாளர் தேடும் சங்கிலி ஒன்றுதான்: விளைவு, அதற்கான சான்று, கிடைத்த எண், அதைப் பார்த்துத் துறை செய்த மாற்றம். இலக்கை எட்டாத ஒரு எண்ணைப் பார்த்து யாரும் அங்கீகாரத்தை மறுத்துவிடுவதில்லை. கடைசிக் கண்ணியான மாற்றம் இல்லாமல் இருப்பதுதான் அறிக்கைகளில் பொதுவான ஓட்டை.

பாட வரைபடம் என்பது என்ன? கட்டாயம் தேவையா?

தேவை. இடப்பக்கம் பாடங்கள், மேலே விளைவுகள் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விளைவு அந்தப் பாடத்தில் அறிமுகமாகிறதா, வலுப்படுகிறதா, தேர்ச்சி நிலையில் சோதிக்கப்படுகிறதா என்று குறியுங்கள்.

ஆசிரியர்களிடம் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், எல்லாரும் எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுத் திருப்பித் தருவார்கள். தன் பாடத்தில் இது இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் ஒரு விதி வையுங்கள்: மதிப்பெண் போடப்படும் ஒரு பயிற்சியின் பெயரைச் சொல்ல முடிந்தால் மட்டுமே குறி. "வகுப்பில் பேசினோம்" கணக்கில் வராது. இந்த விதியோடு மறுபடி நிரப்பினால் பாதிக் குறிகள் காணாமல் போகும். மிஞ்சும் அட்டவணையில் இரண்டு வகை ஓட்டைகள் தெரியும். நான்கு பாடங்களில் அறிமுகமாகியும் எங்கும் தேர்ச்சி நிலைக்குப் போகாத விளைவு ஒன்று. இந்தப் படிப்புகளில் நிதியும் நிகழ்ச்சி மதிப்பீடும் இப்படித் தொங்குவது சகஜம். அறிமுகமே இல்லாமல் இறுதியாண்டில் திடீரென்று சோதிக்கப்படும் விளைவு இன்னொன்று. மாணவர்களை அளக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும்.

எதைச் சான்றாக எடுப்பது?

மாணவர் செய்து காட்டியது நேரடிச் சான்று. மாணவரோ மற்றவரோ அதைப் பற்றிச் சொன்னது மறைமுகச் சான்று. ஒவ்வொரு விளைவுக்கும் இரண்டு அளவீடுகள் வைத்து, ஒன்றாவது நேரடியாக இருக்கும்படி பாருங்கள்.

இந்தத் துறைக்கு ஒரு வசதி உண்டு. வேலையிடத்தில் எழுதப்படும் ஆவணங்களையே வகுப்பிலும் எழுத வைக்கிறோம்: தேவை மதிப்பீடு, நிகழ்ச்சித் திட்டம், இடர் மேலாண்மைத் திட்டம், சுற்றுலாப் பொதிக்கான விலைக் கணக்கு, பார்வையாளர் மேலாண்மைத் திட்டம், நிகழ்ச்சிக்குப் பிந்தைய மதிப்பீட்டு அறிக்கை. இவை போதும். அளவீட்டுக்கென்று புதுத் தேர்வு உருவாக்கினால் மதிப்பெண் கிடைக்காத தேர்வை மாணவர்கள் அக்கறையாக எழுத மாட்டார்கள். நீங்கள் அளப்பது அவர்களுடைய சோர்வாக இருக்கும்.

தாள்களை ஆசிரியர் திருத்துவதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள் இருந்தால் அடுத்து மதிப்பிடுபவர் அவற்றைத்தான் படிப்பார்.

நல்ல ரூப்ரிக் எப்படி இருக்கும்?

ரூப்ரிக் என்பது, தாளில் பார்க்க வேண்டிய ஒவ்வோர் அம்சத்தையும் ஒரு வரிசையாகவும் அதன் தரத்தை நிலைகளாகவும் எழுதிய மதிப்பீட்டு அட்டவணை. நான்கு நிலைகள், நான்கு முதல் ஆறு வரிசைகள். ஐந்து நிலை வைத்தால் முடிவெடுக்க முடியாத தாள்கள் எல்லாம் நடுவில் உள்ள 3-இல் போய் உட்காரும். நிலைகளை "சுமார், நன்று, மிக நன்று" என்று பிரிப்பது வீண். ஒருவருக்கு நன்றாக இருப்பது இன்னொருவருக்குச் சுமார். தாளில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கொண்டு எழுதுங்கள். இடர் மேலாண்மைத் திட்டத்தின் ஒரு வரிசை இப்படி இருக்கலாம்:

நிலை 1: எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தக்கூடிய பொதுவான ஆபத்துகளின் பட்டியல் மட்டும்.
நிலை 2: இந்த நிகழ்ச்சிக்கும் இடத்துக்கும் உரிய ஆபத்துகள் உள்ளன, வாய்ப்பு, கடுமை அடிப்படையில் வரிசைப்படுத்தப்படவில்லை.
நிலை 3: வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாட்டு நடவடிக்கையும் பொறுப்பாளரும் குறிக்கப்பட்டுள்ளன.
நிலை 4: நிலை 3-உடன், நடவடிக்கைக்குப் பிறகும் எஞ்சும் ஆபத்தும், நிகழ்ச்சியை எப்போது நிறுத்த வேண்டும் என்ற தெளிவான வரம்பும் உள்ளன.

நிலை 3-ஐ "இப்போதே வேலைக்கு எடுத்தால் தாங்கும்" என்ற அளவில் எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் அதிலிருந்து மேலும் கீழும் எழுதுவது எளிது. "நிறுத்தும் வரம்பு" போன்ற ஒன்றை ரூப்ரிக்கில் எதிர்பார்த்தால், பயிற்சிக் குறிப்பிலும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை எழுதாத மாணவர், தெரியாதவர் ஆகிவிட மாட்டார். குறைந்த எண்கள் வரும்போது முதலில் பயிற்சிக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். பாதி நேரம் பிழை அங்கேதான் இருக்கும்.

ஒரே ஆசிரியர் மதிப்பிட்டால் போதாதா?

போதாது, அதுவும் பாடம் நடத்தியவரே என்றால். பெயர்களை நீக்கிக் குறியீட்டு எண் கொடுங்கள். இரண்டு பேர் முதலில் நான்கைந்து மாதிரித் தாள்களைத் தனித்தனியாக மதிப்பிட்டு, எங்கே வேறுபட்டார்கள் என்று பேச வேண்டும். அந்தப் பேச்சில் ரூப்ரிக்கின் மங்கலான சொற்கள் தானாக வெளிவரும். சொற்களைத் திருத்திவிட்டுத்தான் மற்றத் தாள்களுக்குப் போக வேண்டும். ஒரு நிலைக்கு மேல் வேறுபாடு வந்த தாளை மூன்றாமவர் பார்க்கட்டும்.

இருவரும் 80 சதவீதம் ஒத்துப்போனால் நம்பலாமா?

பெரும்பாலான தாள்கள் ஒரே பக்கம் விழும்போது 80 சதவீதம் ஏமாற்றும். 30 தாள்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் தலா 24 தாள்களுக்கு "எட்டியது" என்றும் 6 தாள்களுக்கு "எட்டவில்லை" என்றும் குறித்திருக்கிறார்கள். 24 தாள்களில் இருவர் தீர்ப்பும் ஒன்று. அதுதான் 80 சதவீதம். ஆனால் தாளைப் படிக்காமலே இதே விகிதத்தில் குறி போட்டிருந்தாலும் 0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68, அதாவது 68 சதவீதம் தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். கோஹன் கப்பா இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.80 − 0.68) ÷ (1 − 0.68) = 0.375. இது பெருமைப்படும் எண் இல்லை.

சிறிய துறைக்குக் கப்பா கட்டாயமில்லை. ஆனால் "எட்டவில்லை" என்று ஒருவராவது சொன்ன தாள்களில் எத்தனைக்கு இருவரும் ஒத்துப்போனார்கள் என்பதையாவது பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அப்படி 9 தாள்கள். ஒத்துப்போனது 3 மட்டுமே.

கொள்குறி வினாக்களால் இதை அளக்க முடியுமா?

அடிப்படை அறிவுக்கும் கணக்குக்கும் முடியும். நிகழ்ச்சியை நடத்தும் திறனுக்கு முடியாது.

வினாவின் தவறான விடைகளில்தான் தகவல் இருக்கிறது. ஓர் உதாரணம்: ஒரு நாள் சுற்றுலாவின் நிலையான செலவு 12,000, ஆளுக்கு மாறும் செலவு 150, கட்டணம் 400, நட்டமில்லாமல் நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? சரியான விடை 12,000 ÷ 250 = 48. விடைத் தெரிவுகளாக 30, 80 ஆகியவற்றையும் வையுங்கள். 30 என்றவர் மாறும் செலவைக் கழிக்காமல் கட்டணத்தால் வகுத்திருக்கிறார். 80 என்றவர் மாறும் செலவாலேயே வகுத்திருக்கிறார், அதாவது சூத்திரமே கலங்கியிருக்கிறது. வகுப்பில் பாதிப்பேர் 30 என்றால் ஒரு மணி நேரப் பாடம் போதும். பாதிப்பேர் 80 என்றால் அந்த அலகையே மறுபடி நடத்த வேண்டும்.

படிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாக்களைக் கேட்பவர்கள், தொடக்கத்திலேயே பத்தில் ஒன்பது பேர் சரியாக எழுதும் வினாக்களை நீக்கிவிடுங்கள். அவற்றில் வளர்ச்சி தெரிய இடமே இல்லை.

குழுவாகச் செய்யும் நிகழ்ச்சியில் தனி மாணவரின் கற்றலை எப்படிப் பிரிப்பது?

குழுவின் இறுதி ஆவணத்தைத் தனிமனித அளவீடாகப் பயன்படுத்தாதீர்கள். ஐந்து பேர் குழுவில் வரவு செலவுத் திட்டத்தை எழுதியது ஒருவராகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து பேருக்கும் அதே எண் விழும். நிகழ்ச்சியைக் குழுவாக நடத்தட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் தனியாக இரண்டு பக்க மதிப்பீட்டுக் குறிப்பு எழுதட்டும். கூடவே ஆளுக்குப் பத்து நிமிட வாய்மொழிக் கேள்வி: பங்கேற்பாளர் எண்ணிக்கை பாதியானால் எந்தச் செலவைக் குறைப்பீர்கள், ஏன்? தான் எழுதாத பகுதியிலிருந்து கேட்கப்படும் கேள்விதான் மிகவும் பயனுள்ளது. இயந்திரம் எழுதிய தாள்கள் பற்றிய கவலைக்கும் இந்தப் பத்து நிமிடமே பதில்.

சக மாணவர் மதிப்பீடு குழுவுக்குள் யார் உழைத்தார்கள் என்று சொல்லும். யார் கற்றார்கள் என்று சொல்லாது.

தலைமை தாங்குதல், குழுவை வழிநடத்துதல் போன்ற களத் திறன்களை எப்படி அளப்பது?

நேரில் பார்த்துத்தான். பதினைந்து நிமிடச் செயல்பாட்டை மாணவர் நடத்த, பார்ப்பவர் கையில் எட்டு முதல் பத்து வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கட்டும். "தன்னம்பிக்கையோடு நடத்தினார்" என்பது கருத்து. "பாதுகாப்பு விதிகளைத் தொடங்கும் முன் சொன்னார்", "செய்து காட்டினார்", "ஒதுங்கி நின்றவரைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்", "உடல் வரம்பு உள்ளவருக்கு மாற்று வழி கொடுத்தார்" என்பவை அவதானிப்புகள். ஒலி, ஒளிப் பதிவு எடுத்தால் இரண்டாம் மதிப்பீட்டாளர் பிறகு பார்க்கலாம். பங்கேற்பாளர்களின் ஒப்புதலை முன்பே வாங்கிவிடுங்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் காலண்டரில் எழுதுங்கள். ஒத்திவைத்த களப்பணி பருவ இறுதி நெருக்கடியில் அவசரமாக நடக்கும்போது, அளவீடுதான் முதலில் கைவிடப்படுகிறது.

பங்கேற்பாளர்கள் "அருமையாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். அதைச் சான்றாக எடுக்கலாமா?

கூடாது. நல்ல வானிலை, உற்சாகமான கூட்டம், நல்ல இடம் மூன்றும் சேர்ந்தால் திட்டமே இல்லாத நிகழ்ச்சியும் மகிழ்ச்சியாக முடியும். மாறாக, மின்னல் தெரிந்ததும் சரியாக நிறுத்தப்பட்ட நிகழ்ச்சிக்குக் குறைந்த மதிப்பெண்தான் வரும். அந்த மாணவர்தான் கற்றிருக்கிறார். மகிழ்ச்சியை விளைபொருளாகக் கொண்ட துறை என்பதால் இந்தக் குழப்பம் இங்கே எளிதில் வருகிறது. பங்கேற்பாளர் கருத்துகளை மாணவர் எப்படிப் பகுத்து அடுத்த முறைக்கு என்ன மாற்றம் முன்வைக்கிறார் என்பதை அளந்தால், அது நேரடிச் சான்று.

இன்டர்ன்ஷிப் மேற்பார்வையாளர்கள் எல்லாருக்கும் 5-க்கு 5 போடுகிறார்கள். என்ன செய்வது?

இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உள்ள சிக்கல். மேற்பார்வையாளருக்கு மாணவரைப் பிடித்திருக்கிறது, தன் எண்ணால் பட்டம் தடைபடக் கூடாது என்று நினைக்கிறார், படிவத்தைக் கடைசி நாளில் ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறார். அளவையை மாற்றிப் பாருங்கள். "சிறப்பு, மிகச் சிறப்பு" என்பதற்குப் பதிலாக எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று கேளுங்கள்: செய்து காட்ட வேண்டியிருந்தது, பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது, முடித்த பின் சரிபார்த்தால் போதுமாக இருந்தது, தனியாக விடலாம். இது குறை சொல்வதாகத் தோன்றாததால் உண்மை வருகிறது. "பார்க்க வாய்ப்பில்லை" என்ற கட்டமும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பார்க்காததற்கும் 5 விழும். படிவத்தை நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல், இடங்கள் ஒரே மாதிரி இல்லை. பூங்காவில் இயற்கை விளக்குநராக இருந்தவர், விடுதி வரவேற்பில் இருந்தவர், மறுவாழ்வு மையத்தில் சிகிச்சைசார் பொழுதுபோக்கில் இருந்தவர் மூவருக்கும் நிதித் திட்டம் போடும் வாய்ப்பு கிடைத்திருக்காது. இன்டர்ன்ஷிப்பை வைத்து எல்லா விளைவுகளையும் அளக்க முயலாதீர்கள். எந்த இடத்திலும் நேரக்கூடிய இரண்டைத் தேர்ந்தெடுங்கள். தொழில்முறைத் தொடர்பாடலும், ஒரு சிறு சேவையைத் திட்டமிட்டு நடத்துவதும் பொதுவாகப் பொருந்தும். மாணவர் அங்கே உருவாக்கிய ஆவணம் ஒன்றை, சேவை பெற்றவர்களின் விவரங்களை நீக்கிவிட்டு, துறையின் ரூப்ரிக்கால் மதிப்பிடுங்கள்.

400 மணி நேரம் முடித்தார் என்பது விதியை நிறைவேற்றியதற்கான பதிவு. கற்றலுக்கான சான்று ஆகாது.

மாணவர் கருத்துக்கணிப்பு பயனற்றதா?

துணைச் சான்றாகப் பயன்படும். ஒரு பொறி மட்டும் உண்டு: படிப்பின் தொடக்கத்தில் "இடர் மேலாண்மை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று 4 போட்ட மாணவர், படித்த பிறகு அதன் ஆழம் தெரிந்து 3 போடுவார். கற்றதால் எண் இறங்குகிறது. இதைத் தவிர்க்க, முடிவில் ஒரே தாளில் "அன்று எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, இன்று எவ்வளவு" என்று இரண்டையும் கேளுங்கள்.

எங்களிடம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாணவர்கள்தான். இலக்கு எப்படி வைப்பது?

"ஒவ்வொரு வரிசையிலும் 80 சதவீதத்தினர் நிலை 3 அல்லது அதற்கு மேல்" என்பது பலரும் வைக்கும் இலக்கு வடிவம். சராசரியை இலக்காக வைக்காதீர்கள். பாதிப்பேர் 4, பாதிப்பேர் 2 வாங்கினாலும் சராசரி 3 தான்; பாதி வகுப்பு தடுமாறுவது தெரியாது.

பன்னிரண்டு பேரில் ஒரு மாணவர் 8 சதவீதத்துக்கு மேல். சென்ற ஆண்டு 75, இந்த ஆண்டு 67 என்றால் ஒன்பது பேர் எட்டுப் பேராகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காகப் பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டாம். மூன்று ஆண்டு எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பாருங்கள்; அறிக்கையில் சதவீதத்தோடு ஆள் எண்ணிக்கையையும் எழுதுங்கள். 40 பேருக்கு மேல் இருந்தால் குலுக்கல் முறையில் 25 முதல் 30 தாள்கள் எடுத்தால் போதும். நல்ல தாள்களாகப் பொறுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு விளைவு, 30 தாள்கள், தாளுக்கு 15 நிமிடம் என்றால் ஒருவருக்கு ஏழரை மணி நேரம், இருவருக்குப் பதினைந்து. மாதிரித் தாள் பேச்சுக்கு இன்னும் ஒன்றரை மணி. பருவம் முடிந்த வாரத்திலேயே ஒரு நாளை ஒதுக்கி ஒரே அறையில் உட்கார்ந்து முடிப்பது நல்லது. வீட்டுக்கு எடுத்துப்போன தாள்கள் அடுத்த பருவம் வரை திரும்புவதில்லை.

முடிவுகள் வந்தாயிற்று. அடுத்து?

துறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பதிவேட்டில் ஐந்து விஷயம்: எது இலக்கை எட்டவில்லை, காரணம் என்று கருதுவது என்ன, என்ன மாற்றம், யார் பொறுப்பு, மறுபடி எப்போது அளப்போம்.

உதாரணமாக, நிகழ்ச்சித் திட்டத்தில் "மதிப்பீடு" வரிசை மட்டும் தாழ்ந்திருக்கிறது என்று வைப்போம். பாடத்தைப் புரட்டினால் மதிப்பீடு கடைசி வாரத்தில், அதுவும் நிகழ்ச்சி நெருக்கடிக்கு நடுவே நடத்தப்படுகிறது. மாற்றம் சிறியது: நான்காம் வாரத்தில் நோக்கங்களை எழுதும்போதே, ஒவ்வொரு நோக்கத்துக்கும் அதை அளக்கும் கேள்வியையும் எழுத வைப்பது. நோக்கம் மங்கலாக இருந்தால் கேள்வி எழுத வராது. அதனால் நோக்கங்களும் தெளிவாகும். அதே ஆண்டில் ரூப்ரிக்கையும் மாற்றாதீர்கள். பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடவே முடியாமல் போய்விடும்.

இந்த எண்களை ஆசிரியரின் பதவி உயர்வுக்கோ குறைகாணலுக்கோ பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் முடிவெடுங்கள். அந்த நம்பிக்கை இல்லாத துறையில் எல்லா வரிசைகளும் ஒவ்வோர் ஆண்டும் 90 சதவீதத்தைத் தாண்டும்.

மாற்றம் செய்து இரண்டு அணிகள் படித்து முடித்த பிறகும் எண் நகரவில்லை என்றால்?

மூன்று இடங்களைப் பாருங்கள், இதே வரிசையில். மாற்றம் உண்மையில் வகுப்பில் நடந்ததா. ஆசிரியர் மாறியபோது நழுவியிருக்கலாம். பயிற்சிக் குறிப்பு அந்தத் திறனைக் கேட்கிறதா. அதற்கு முந்தைய பாடத்தில் அடிப்படை போடப்பட்டதா. மதிப்பீட்டு அறிக்கை எழுதத் தடுமாறும் மாணவர் பல நேரம் தடுமாறுவது எளிய புள்ளியியலில். மூன்றும் சரியாக இருந்தால் இலக்கையே மறுபடி பேசலாம். இலக்கைக் குறைத்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள், குறைத்த ஆண்டுக்குப் பிறகு வரும் எண்களை முன்னேற்றம் என்று காட்டாதீர்கள்.